ஜெபமலர் முங்கிய கதை

1

போன மழைக்காலத்தில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டதால்தான் இந்தக் கதை என் கைக்கு வந்தது. பாத்திரம் கனவில் வந்து பேசியது என்றெல்லாம் நானும் சொல்லியிருக்கலாம். நடந்தது இவ்வளவுதான்: வலியசாலையில் எங்கள் தெரு முனையில், தேங்கிய மழைத் தண்ணீரில் குழி தெரியவில்லை. எலும்பு முறியவில்லை, ஆனால் முட்டி மடங்க மறுத்தது. அலுவலகத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு காலை வேளைகளில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியின் பிசியோதெரபி அறையில், சூட்டுப் பையை முட்டியில் கட்டியபடி உட்கார்ந்திருப்பேன். பக்கத்து நாற்காலியில் இரண்டு முட்டிகளிலும் பை கட்டிக்கொண்டு இன்னொரு பெண். பெயர் ஜெபமலர்.

முதல் நாள் அங்கிருந்த நர்ஸ் போகிற போக்கில் அவரிடம் சொன்னார்: "இந்தத் தடியை வெச்சுக்கிட்டு முட்டு நேரே ஆகாது, கேட்டோ? வாயை அடக்கணும்." (மலையாளத்தில் சொன்னதைப் பாதி தமிழாக்கியிருக்கிறேன். தடி என்றது அவர் உடம்பை.) சுற்றி இருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

ஜெபமலர் நிமிர்ந்து, "தடி இருக்குன்னு எனக்குத் தெரியும் சிஸ்டரே. முட்டுக்கு என்ன செய்யணும்னு சொல்லித் தாங்க, செய்யுதேன்" என்றார். பிறகு அதே குரலில், "அது கிடக்கட்டும், நீங்க காலையில ஏதாவது சாப்பிட்டீங்களா? முகம் வாடியிருக்கு" என்றார்.

நர்ஸ் திரும்பி வந்தார். "இல்ல சேச்சி, ஒருத்தி லீவு. விடியக்காலையிலேருந்து நிக்கேன்" என்றார். பிறகு குனிந்து, பையின் பட்டையைத் தளர்த்தி, எப்படிக் காலை நீட்டி மடக்க வேண்டும் என்று பொறுமையாகக் காட்டிக் கொடுத்தார்.

எனக்கு அந்தப் பதில் குடைந்துகொண்டே இருந்தது. யாராவது என்னை ஏதாவது சொன்னால், நான் தரவேண்டியிருந்த பதில் மறுநாள் குளிக்கும்போதுதான் எனக்கு வரும். அதுவும் கெட்ட பதிலாக வரும். அடுத்த முறை பார்த்தபோது கேட்டேன்: "எப்படி உங்களுக்கு அப்படிச் சொல்ல வருது?"

"அது சும்மா வரல்ல மேடம்," என்றார் ஜெபமலர். "அதுக்கு நான் ஒருதடவ தண்ணியில முங்க வேண்டி வந்துச்சு."

2

சூட்டுப் பை ஆறுகிற நேரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக அவர் சொல்லி முடித்தார். எழுதலாமா என்று கேட்டேன். நான் கதை எழுதுகிறவள் என்பதில் அவருக்குப் பெரிய வியப்பில்லை. "எழுதிக்கிடுங்க. ஆனா ரெண்டு காரியம் உண்டு."

"சொல்லுங்க."

"கடைசியில நான் மெலிஞ்சிட்டேன்னு எழுதப்படாது. பின்னே, நாச்சியார் அக்காவைக் கெட்டவளா ஆக்கப்படாது."

ஒப்புக்கொண்டேன். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோதுதான் விளங்கியது, ஒரு கதையை முடிக்க எனக்குத் தெரிந்த இரண்டு சுலபமான வழிகளையும் அந்த அம்மாள் அடைத்துவிட்டார் என்று.

[போதாததற்கு இன்னொரு சங்கடம். நான் அக்கிரகாரத்துப் பெண். சபை, சாட்சி, ஸ்தோத்திரம் எல்லாம் எனக்குக் காதில் விழுந்த சொற்கள் மட்டும். உடம்பும் ஒல்லி. இரண்டு பக்கமும் வெளியாள். தவறாக எழுதினால் திருத்துங்கள் என்று ஜெபமலரிடமே ஒவ்வொரு பகுதியையும் வாசித்துக் காட்டினேன். அவர் திருத்தியவை ஆங்காங்கே தெரியும்.]

3

தொடக்கங்கள்:

"சிறுவயதில் வந்த ஒரு காய்ச்சலுக்குப் பிறகு ஜெபமலரின் உடம்பு —"

[விட்டுவிட்டேன். "எதுக்கு மேடம் காரணம்? ஒல்லியா இருக்கவங்களுக்கு எந்தக் காய்ச்சல்னு எழுதுவீங்களா?"]

"பெரிய உடம்பும் அதைவிடப் பெரிய மனமும் கொண்ட ஜெபமலர் —"

[இதை நானே அடித்தேன். எழுதியபோது நன்றாக இருந்தது. வாசித்துக் காட்ட வாய் வரவில்லை.]

"தம்பானூர் பக்கம் ஒரு தமிழ் மெஸ்ஸில் மாவாட்டுகிறவர் ஜெபமலர்."

இது நிற்கட்டும். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். கணவர் வன்னியராஜ், தரைக்கு டைல்ஸ் பதிக்கிற வேலை. குழந்தை இல்லை, ஒன்று பிறக்கும்போதே போய்விட்டது. நாற்பதைத் தாண்டியவர். குண்டானவர்.*

* அந்தச் சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு. எனக்கு அதை எழுதக் கை கூசியது. 'பருமனான' என்று எழுதினேன், ஆஸ்பத்திரிச் சீட்டுப்போல் இருந்தது. 'பூசினாற்போல்' என்பது கல்யாணப் பேச்சில் மட்டும் புழங்குவது. மலையாளத்தில் 'தடி' என்பார்கள். தமிழில் அது அடிக்கிற கோல். இதைச் சொன்னதும் ஜெபமலர் உடம்பு குலுங்கச் சிரித்தார். "ஒரு பாஷையில குண்டு, மத்ததுல தடி. ரெண்டும் ஆயுதம்தான் கேட்டேளா!" பிறகு, "குண்டுன்னே எழுதுங்க. அந்தச் சொல்லு மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. சொல்லுறப்ப சில பேரு மூஞ்சி போற போக்குதான் பிடிக்காது" என்றார்.

4

அட்டக்குளங்கரைப் பக்கம் ஒரு கட்டடத்தின் மாடியில் வாடகை ஹால். அதுதான் சபை. தமிழ்க்காரர்கள், பெரும்பாலும் கட்டட வேலையும் ஹோட்டல் வேலையும் கடை வேலையும் பார்க்கிறவர்கள். பாஸ்டர் அறுபது தாண்டிய, குட்டையான, மெலிந்த மனிதர். எப்போதும் நடுவேதனை என்கிற இடுப்புவலி, ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் பிரசங்கம் செய்வார். கட்டடத்தின் பின்னால், முழுக்கு ஞானஸ்நானத்துக்காகச் சபையார் கட்டிய சிமென்ட் தொட்டி. குழாய்த் தண்ணீர் அதற்குப் பத்தாது. டேங்கர் லாரியில் ஒரு லோடு அடித்து நிரப்புவார்கள்.

ஜெபமலரை அங்கே அழைத்துப் போனவர் நாச்சியார். அடுத்த லைன் வீட்டுக்காரி, ஜவுளிக் கடையில் சேலை மடிப்பவர். குழந்தை போய் ஜெபமலர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கடைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தவர் அவர் ஒருவர்தான். தலையில் கைவைத்து உரத்த குரலில் ஜெபம் செய்தார். அடுத்த கட்டில்காரி சத்தம் தாங்காமல் திட்டினாள். நாச்சியார் அவளுக்காகவும் சேர்த்து ஜெபம் செய்துவிட்டு நிறுத்தினார்.

"அந்தக் குரலைப் பிடிச்சிக்கிட்டுதான் நான் எந்திரிச்சேன்," என்றார் ஜெபமலர். "பேருதான் ஜெபமலர், கர்த்தர் யாருன்னு அப்ப எனக்குத் தெரியாது. அக்காவைத் தெரியும்."

சில வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஞானஸ்நானம் எடுக்க விரும்புகிறவர்கள் கை தூக்கலாம் என்றார் பாஸ்டர். ஜெபமலர் தூக்கினார். அதற்காக மனத்துக்குள் நெடுநாள் தயாராகியிருந்தார்.

முன்வரிசையில் பாட்டு நடத்துகிற இடத்திலிருந்து நாச்சியார் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "ஐயா, ஜெபமலர் எறங்குனா தொட்டித் தண்ணி பூரா வெளிய போயிரும். மத்தவங்களுக்கு இன்னொரு லோடு சொல்லிருங்க. உங்க நடுவைப் பிடிக்கவும் ஒரு ஆள் சொல்லிருங்க!"

ஹால் சிரித்தது. பாஸ்டரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று அமைதிப்படுத்தினார். ஜெபமலரும் சிரித்தார். தூக்கின கையை அப்படியே தலைக்குக் கொண்டுபோய், முக்காட்டைச் சரிசெய்வதுபோல் சரிசெய்து, இறக்கிக்கொண்டார்.

கை தூக்கியவர்களின் பெயரைப் பாஸ்டர் வாசித்தபோது அவர் பெயர் அதில் இல்லை. யாரும் கேட்கவும் இல்லை.

5

இங்கே நான் நின்றுபோனேன். பல நாள் எழுதவில்லை. இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. என் தாளில் இருந்த ஜெபமலர் வாய் திறக்காமல், கண் கலங்காமல், கூரையைப் பார்த்தபடி மன்னித்துக்கொண்டிருந்தார். அப்படி யாராவது இருந்தால் நான் அவர்களோடு பஸ்ஸில்கூட உட்கார மாட்டேன்.

"உங்களுக்குக் கோவமே வரலையா?" என்று கேட்டேன்.

"வராம? கிரைண்டர்ல கல்லு சுத்துறப்பல்லாம் அக்கா மூஞ்சிதான் தெரிஞ்சுது. நல்லா அரைபடட்டும்னு இன்னும் கொஞ்சம் உளுந்தைப் போட்டேன்."

நிம்மதியாக இருந்தது. ஆள் திரும்பி வந்துவிட்டார்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் ஜெபத்தில் உட்கார்ந்தாராம். முதலில் வந்த ஜெபம்: 'கர்த்தாவே, அக்கா கடையில எல்லார் முன்னாலயும் வழுக்கி விழணும்.' சொன்ன கையோடு பயந்துபோய், 'வேண்டாம், லேசா விழட்டும்' என்று மாற்றிக்கொண்டார். பிறகு நெடுநாள் நாச்சியாரின் பெயரைச் சொல்லாமல் தாண்டிப் போய்விடுவார். "எல்லார் பேரையும் சொல்லுவேன். அந்த இடத்துல வந்ததும் ஒரு இருமல் இருமுவேன். கர்த்தருக்குத் தெரியாதாக்கும்!"

வன்னியராஜ் சபைக்கு வருகிற ஆளில்லை. விஷயம் தெரிந்ததும், "நான் வந்து கேக்கட்டா? ஒரே ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துருதேன்" என்று சட்டையை மாட்டினார். ஜெபமலர் பிடித்து உட்கார வைத்தார். தான் பேசாமல் இருப்பதுதான் விசுவாசிக்கு அழகு என்று அப்போது அவர் நினைத்தார்.

அது ஒரு நாளோடு போகவில்லை. ஒவ்வொரு வருஷமும் ஞானஸ்நான அறிவிப்பு வரும்போது யாராவது அந்தத் தொட்டிப் பேச்சை எடுப்பார்கள், நாச்சியார் அதில் ஒரு புது வால் சேர்ப்பார், எல்லோரும் சிரிப்பார்கள், ஜெபமலரும் சிரிப்பார். அந்தச் சபையில் முழுக்கு எடுக்காதவர்களுக்குத் திருவிருந்து கிடையாது. மாதத்தின் முதல் ஞாயிறு அப்பத் தட்டு வரிசையாகக் கைமாறி வரும். ஜெபமலர் இந்தப் பக்கம் வாங்கி அந்தப் பக்கம் கொடுப்பார். மெஸ்ஸில் மாவாட்டுவதோடு எத்தனையோ பேருக்குத் தட்டும் நீட்டுகிறவர்தான். ஆனால் அந்தத் தட்டு மட்டும் கையில் கனத்தது என்றார்.

[இந்த இடத்தில் வேத வசனம் ஒன்று வைக்கலாமா என்று கேட்டேன். எனக்குத் தெரியாது, நீங்களே சொல்லுங்கள் என்றேன். யோசித்துவிட்டு, "வேண்டாம் மேடம். வசனம் போட்டா நான் ஜெயிச்ச மாதிரி ஆயிரும். அப்ப நான் தோத்துக்கிட்டுல்லா இருந்தேன்" என்றார்.]

6

ரேஷ்மி வந்தது போன வருஷம். கிழக்கேகோட்டையில் ஒரு செருப்புக் கடையில் பில் போடுகிற பெண். அம்மா தமிழ்க்காரி, அப்பா இந்த ஊர்க்காரர். பேச்சு பாதிக்கு மேல் மலையாளம். இருபது வயதிருக்கும். நல்ல குண்டு. சபையில் ஜெபமலருக்குப் பக்கத்தில் வந்து உட்காருவாள். இரண்டு பேருக்கும் சேர்த்து மூன்று நாற்காலி.

அந்த வருஷ அறிவிப்பன்று ரேஷ்மி கையைத் தூக்கினாள்.

"அடடே, ஜெபமலருக்குத் துணை கிடைச்சிட்டு!" என்றார் நாச்சியார். "ஐயா, இனி டேங்கர் பத்தாது. சபையை ஆத்தங்கரைக்கு மாத்திருவோம்!"

ஹால் சிரித்தது. ரேஷ்மியும் சிரித்தாள். அவள் கை மெதுவாகத் தலைக்குப் போய், முக்காட்டைச் சரிசெய்துவிட்டு, மடிக்கு வந்தது.

"மேடம், என் கை மாதிரியே வந்துச்சு," என்றார் ஜெபமலர். இதைச் சொன்னபோது அவர் என்னைப் பார்க்கவில்லை. முட்டியில் இருந்த பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் பேசாம இருந்தது அன்புன்னு நெனச்சிட்டு இருந்தேன். அந்தப் பிள்ளைக்கு அது என்ன அன்பு? நான் வாங்கி, பத்திரமா வச்சிருந்து, அவ கையில கொடுத்துட்டேன்."

வெளியே வந்ததும் ரேஷ்மியிடம், "எதுக்கு மோளே கையை எறக்குன?" என்று கேட்டார்.

"ஓ, அது வெறுதெ பொக்கியதா ஆன்ட்டி," என்றாள் அவள். சும்மாதான் தூக்கினேன் என்று பொருள். சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள்.

அன்றைய ஜெபத்தில் அந்த இடம் வந்தபோது ஜெபமலர் இருமவில்லை. 'நாச்சியார் அக்கா' என்று பெயரைச் சொன்னார். அதற்கு மேல் என்ன கேட்பது என்று தெரியாமல் அத்தோடு நிறுத்திவிட்டார்.

7

இதுவரை எழுதியதை என் கணவர் வெங்கிடேஷிடம் படிக்கக் கொடுத்தேன். சாப்பாட்டு மேஜையில் படித்துவிட்டுச் சொன்னார்: "நன்னாத்தான் இருக்கு. ஆனா இனிமே அவ நாலு போடு போட்டாகணும்டி. சபை நடுவில எழுந்து நின்னுண்டு, 'உங்க நாக்கோட கனத்துக்கு என் உடம்பு எம்மாத்திரம்'னு ஒண்ணு கேக்கட்டும். அப்பத்தான் படிக்கறவாளுக்கு நெஞ்சு ஆறும்."

நல்ல வரிதான். எழுதியும் பார்த்தேன். ஹால் வாயடைத்துப்போகிறது, நாச்சியார் தலைகுனிகிறார், ஜெபமலர் கம்பீரமாக வெளியே —

[நிறுத்தினேன். அந்த ஹாலில் ரேஷ்மியும் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு இன்னொரு சிரிப்பு, இன்னொரு ஆள்மேல். அவ்வளவுதான் மிச்சம்.]

நடந்தது வேறு. சனிக்கிழமை காலையில் ஜெபமலர் நாச்சியாரின் வீட்டுக்குப் போனார். நாச்சியார் பின்வாசலில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும் எழுந்து, பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டு, உள்ளே போய்க் கனமான மர ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டார். "அதைப் பார்த்ததும் பேச வந்ததே எனக்கு மறந்துரும்போல ஆச்சு," என்றார் ஜெபமலர்.

உட்கார்ந்து, தானும் ஒரு கை மீனை எடுத்து ஆயத் தொடங்கினார்.

"என்னட்டி, வன்னியராஜ் ஏதும் பிரச்சனை உண்டாக்குனானா?"

"அவரு ஒண்ணும் செய்யல்ல அக்கா. நீங்கதான்."

நாச்சியார் நிமிர்ந்தார்.

"நான் ஆஸ்பத்திரியில கெடந்தப்ப என் தலையில கைவச்சு ஜெபம் பண்ணுனீங்க. அது இன்னும் என் காதுல இருக்கு. தொட்டித் தண்ணி வெளிய போயிரும்னு சொன்னதும் அதே காதுல இருக்கு. ரெண்டும் ஒரே குரலு. எனக்கு மொத உள்ளது போதும் அக்கா. மத்தத நீங்க திருப்பி எடுத்துக்கிடுங்க."

"அய்யோ, அது தமாசுக்குல்லாட்டி சொன்னேன்! நீயும் சிரிச்சியே?"

"சிரிச்சேன். சிரிக்காட்டா அழுதிருப்பேன். நான் சிரிக்கப்போய்த்தான் நீங்க அதை நல்ல தமாசுன்னு நெனச்சிட்டீங்க. அது என் பங்கு. நான் எனக்குன்னு மட்டும் வரல்ல. ரேஷ்மி கையை எறக்கிட்டா. நீங்க பாக்கல்ல, நான் பார்த்தேன்."

நாச்சியார் மீண்டும் மீனிடம் குனிந்தார். மீன் தலைகளைக் கிள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார்.

[இங்கே நாச்சியாருக்கு ஒரு பழைய துக்கம் வைத்திருந்தேன். புகுந்த வீட்டில் அவரை நிறத்துக்காகக் கேலி செய்தார்கள், அந்த வலிதான் வாயாக மாறியது என்று அரைப் பக்கம். வாசித்துக் காட்டினேன். "அப்படி ஒண்ணும் எனக்குத் தெரியாதே மேடம். அக்காவுக்கு வாய் நீளம், அவ்வளவுதான். கெட்டவளாக்கப்படாதுன்னுதான் சொன்னேன், பாவமாக்கச் சொல்லல்லியே" என்றார் ஜெபமலர். எடுத்துவிட்டேன்.]

மீன் முழுக்க ஆய்ந்து முடிந்ததும் நாச்சியார் கையைக் கழுவினார். பாதி மீனை ஒரு வாழையிலையில் கட்டி நீட்டினார். "குழம்பு வைக்காதே. வறுத்துத் தின்னு," என்றார். மன்னிப்பு என்றோ தப்பு என்றோ ஒரு சொல்லும் இல்லை.

"ஏமாற்றமா இருந்ததா?"

"இல்ல மேடம். சொல்ல வேண்டியத சொல்லியாச்சு. அக்காகிட்ட கொடுத்தாச்சு. வழியெல்லாம் முட்டு வலிச்சுது. ஆனா பசிச்சுது பாருங்க, அப்படி ஒரு பசி! வீட்டுக்கு வந்து நானும் அவருமா அவ்வளவு மீனையும் வறுத்துத் தின்னு தீர்த்தோம்."

மறுநாள் ஞாயிறு. ஞானஸ்நானத்துக்கு இன்னும் யாராவது இருக்கிறீர்களா என்று பாஸ்டர் கேட்டார். ஜெபமலர் கையைத் தூக்கினார். தூக்கிக்கொண்டே நாச்சியாரைப் பார்த்தார். நாச்சியார் வாயைத் திறந்தார். சபையே ஒரு சிரிப்புக்குத் தயாரானது. நாச்சியார் சட்டென்று ஒரு பாட்டை எடுத்தார். அது பாட்டு நேரமே இல்லை. பாஸ்டர் திகைத்துப்போய், வேறு வழியில்லாமல் கைதட்டினார். எல்லோரும் எழுந்து பாடினார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் ஜெபமலர் பக்கத்தில் திரும்பிப் பார்த்தபோது ரேஷ்மியின் கையும் மேலே இருந்தது.

8

நிம்மதியை எழுத எனக்குப் பழக்கமில்லை. என் கதைகளில் யாராவது கடைசியில் ஜன்னலருகே நின்று இருட்டைப் பார்ப்பார்கள். இந்தப் பகுதியை எப்படி எழுதுவது என்று ஜெபமலரிடமே கேட்டேன். "நடந்தபடி எழுதுங்க, அதுவே சிரிப்பாத்தான் இருக்கும்," என்றார்.

முழுக்குக்காகச் சபை வைத்திருந்த வெள்ளை அங்கி அவருக்குப் போதாது. சாலை பஜாரில் ஒரு தையல்காரர் இரண்டு வெள்ளை முண்டுகளை ஒட்டிப் புதிதாக ஒன்று தைத்துக் கொடுத்தார். பாஸ்டர் சட்டைக்கு மேல் இடுப்புப் பட்டை கட்டிக்கொண்டு தொட்டிக்குள் நின்றார். ஜெபமலரைத் தூக்கி நிறுத்த வேண்டுமே என்று அவருக்குப் பயம். தூக்க முடியாமல் போனால் என்ன செய்வது என்று ஜெபமலருக்குப் பயம். படியில் துவாலையோடு நாச்சியார். வன்னியராஜ் உள்ளே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கேட் ஓரமாக நின்றார்.

படியில் இறங்கும்வரைதான் முட்டி வலித்தது. தண்ணீர் இடுப்புக்கு வந்ததும் வலி போய்விட்டது. "நான் எங்க போனேன்னே எனக்குத் தெரியல்ல மேடம். பஞ்சு மாதிரி ஆயிட்டேன். இத்தனை வருஷமா இதுக்கா பயந்தோம்னு இருந்துச்சு."

பாஸ்டர் சொல்ல வேண்டியதைச் சொல்லி, தோளைப் பிடித்துப் பின்னால் சாய்த்தார். தலை உள்ளே போனது. வயிறும் காலும் வெளியே வந்தன. அந்தச் சபையில் உடம்பு முழுக்க மூழ்கினால்தான் கணக்கு. மறுபடி அமுக்கினார். இந்தத் தடவை கால் உள்ளே போனது, அங்கிக்குள் காற்றுப் புகுந்து நடுவில் ஒரு வெள்ளைக் குடைபோல உப்பிக்கொண்டு நின்றது. தூக்க முடியுமா என்று எல்லோரும் கவலைப்பட்டிருக்க, ஜெபமலர் மூழ்கவே மாட்டேன் என்கிறார்!

முதலில் சிரித்தது ஜெபமலர்தான். வாய் நிறையத் தண்ணீரோடு சிரித்துப் புரையேறியது. பாஸ்டருக்குச் சிரிப்பில் இடுப்புப் பட்டை அவிழ்ந்தது. கேட்டிலிருந்து வன்னியராஜ் தன்னை மறந்து உள்ளே ஓடிவந்து, "மூச்சை விட்டுட்டு முங்குட்டி! மூச்சை விடு!" என்று கத்தினார்.

நாச்சியார் துவாலையை ரேஷ்மியின் கையில் எறிந்துவிட்டு, கட்டிய சேலையோடு தொட்டிக்குள் இறங்கினார். அங்கியில் இருந்த காற்றைத் தட்டி வெளியேற்றினார். ஜெபமலரின் முட்டி மேல் ஒரு கையும் வயிற்றின் மேல் ஒரு கையும் வைத்தார். "இப்ப ஐயா, இப்ப!" என்றார். ஜெபமலர் மூச்சை முழுக்க விட்டார். பாஸ்டரும் நாச்சியாருமாக அமுக்க, உள்ளே போனார்.

உள்ளே எப்படி இருந்தது என்று கேட்டேன். "யாரும் இல்ல. நானும் கர்த்தரும்தான். நல்லா இருந்துச்சு." இதற்கு மேல் நானாக எதையும் சேர்க்கவில்லை.

மேலே வர யாரும் தூக்க வேண்டியிருக்கவில்லை. கையை எடுத்ததும் தானாக வந்தார். தண்ணீர் கொஞ்சம் விளிம்பு தாண்டிப் போயிருந்தது. அடுத்து இறங்கிய ரேஷ்மிக்கும் அவளுக்குப் பின் வந்தவர்களுக்கும் தாராளமாக இருந்தது. அடுத்த மாதம் முதல் ஞாயிறு அப்பத் தட்டு கைக்கு வந்தபோது, ஜெபமலர் ஒரு துண்டு எடுத்துக்கொண்டு தட்டை ரேஷ்மியிடம் கொடுத்தார். ரேஷ்மியும் எடுத்துக்கொண்டாள்.

9

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஒரு இடத்தை நான் தாண்டி வந்துவிட்டேன்.

ஜெபமலர் மேலே வந்து கண்ணைத் துடைக்கும்போது, நாச்சியார் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு காதோரமாக ஏதோ சொல்லியிருக்கிறார். கரையில் பாட்டுச் சத்தம். பாஸ்டருக்குக் கேட்கவில்லை. வன்னியராஜுக்கு உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது.

"என்ன சொன்னாங்க?"

"தெரியாது மேடம். காது நிறையத் தண்ணி."

"அப்புறம் கேக்கலையா?"

"எதுக்கு? கேட்டா அக்கா யோசிச்சு வேற ஒண்ணு சொல்லுவாவ. அன்னைக்குச் சொன்னது சொன்னதாவே இருக்கட்டும்."

எனக்கு அப்படி விட மனமில்லை. கதை எழுதுகிறவளுக்கு அந்தக் காதுக்குள் புகுந்தே ஆகவேண்டும். சில வாக்கியங்கள் எழுதிப் பார்த்தேன். 'மன்னிச்சிரு' என்று ஒன்று. எல்லோருக்கும் பிடிக்கும், ஆனால் நாச்சியார் அதைச் சொல்லும் ஆளா என்று தெரியவில்லை. 'அந்தப் பேச்சை நான் எடுத்துக்கிட்டேன்' என்று ஒன்று. அழகாக இருந்ததாலேயே நம்பிக்கை வரவில்லை. 'அம்மாடி, என்னா கனம்!' என்று ஒன்று. இதை எழுதிவிட்டு நான் தனியாகச் சிரித்தேன். அவர் அதைச் சொல்லியிருக்கவும் கூடும். அந்த நேரத்தில் அதைக் கேட்டு ஜெபமலரும் சிரித்திருக்கக் கூடும்.

மூன்றையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். என் முட்டி மடங்கத் தொடங்கியிருந்தது. எனக்கு அதுதான் கடைசி நாள். வாசித்துக் காட்டினேன். ஜெபமலர் மூன்றையும் கவனமாகக் கேட்டார். எது சரி என்று சொல்லவில்லை.

"படிக்கிறவங்ககிட்டயே விட்டுரலாமா?" என்றேன்.

"விட்டுருங்க. அவங்களுக்குத் தெரிஞ்ச அக்கா யாராவது இருப்பாவல்லா, அவங்க என்ன சொல்லுவாங்கன்னு போட்டுக்கிடட்டும்." பிறகு, நான் எழுந்து பையைத் தோளில் மாட்டும்போது, ஏதோ முக்கியமானது நினைவுக்கு வந்ததுபோல் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "ஆனா மேடம், சின்னதா ஒண்ணு போடச் சொல்லுங்க. நீளமா வேண்டாம். பாவம், என்னை அமுக்கி அமுக்கி அக்காவுக்கு மூச்சு வாங்கிக்கிட்டு இருந்துச்சு."

எனவே, அந்த அளவுக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறேன்:

"———————"